மூணு பேர் சீட்டு

வீரசோழன் ஊர்ப் பருத்தி வியாபாரி சிக்கந்தருக்குப் பின்பக்கம் தட்டை. கல்யாண வீட்டுக்கு பேண்ட் போட்டால் தொளதொளவென்று தொங்கும். அந்தக் கடுப்பில் அருப்புக்கோட்டை ஜிம்மில் சேர்ந்து, தோளில் எடைக்கம்பியைச் சுமந்தபடி ஒரு வருஷம் குந்திக் குந்தி எழுந்தான். சதை ஏறத்தான் செய்தது. ஆனால் அன்றாடம் கட்டுவது கைலி. அதற்குள் என்ன இருக்கிறதென்று யார் கண்டார்கள்? ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று திருச்சுழி பஸ்ஸில் மூணு பேர் சீட்டின் ஓரத்தில் வழக்கம்போல ஒண்டினான். நடுவில் நசுங்கிய கூட்டாளி அன்வர்தீன் கத்தினான்:

"ஏலே, முன்னெல்லாம் இருக்கிற எடமே தெரியாது. இப்ப ரெண்டு ஆளு எடத்த அடைக்கிற! எந்திரிலே!"

எழுந்து நின்ற சிக்கந்தருக்கு வாயெல்லாம் பல்.

"என்ன சொன்ன? பஸ்ஸுக்கே கேக்கிற மாதிரி இன்னொருக்கா சொல்லுலே!"