கை படாத குலுக்கல்

திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் தவறு என்னுடையது என்று தோன்றிவிடும். தப்பாவிட்டாலும் தோன்றத்தான் போகிறது.

நான் வேலை செய்யும் கடை ஜார்ஜ்டவுனில், டத்தோ கிராமாட் சாலையில் இருக்கிறது. விருந்துகளுக்கு மைக், பெரிய திரை, குலுக்கல் மெஷின் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறோம். குலுக்கல் மெஷின் உண்மையில் மெஷின் அல்ல. என் மடிக்கணினிக்குள், தன்னைத் தனிக் கணினி என்று நினைத்துக்கொண்டு ஓடும் ஒரு மெய்நிகர் கணினி. யாரும் முன்கூட்டியே கைவைத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதைப் பூட்டிவைத்த ஒரே நகலிலிருந்து புதிதாக எழுப்புவோம். பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் ஒரு பெயரைத் திரையில் காட்டும்.

இன்று மதியம் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் ஒத்திகை. சனிக்கிழமை அவர்களுடைய ஆண்டு விருந்து, ஜார்ஜ்டவுனில். ஊழியர்கள் 612 பேர். முதல் பரிசு மோட்டார் சைக்கிள். மனிதவளப் பிரிவு ரமணி அக்கா, "எல்லாரும் பாக்கட்டும்லா, அப்பதான் நம்புவாங்க" என்று சாப்பாட்டு நேரத்திலேயே ஒத்திகையை வைத்துவிட்டார்.

பொத்தானை அழுத்தினேன். 347, நல்லமுத்து, பேக்கிங் பிரிவு. கைதட்டினார்கள். மூடிவிட்டு நகலிலிருந்து மறுபடி எழுப்பினேன். நல்லமுத்து. சிரித்தார்கள். மூன்றாவது முறையும் நல்லமுத்து வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மூலையில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர், மீ கோரெங் நூடுல்ஸ் தட்டைக் கையில் ஏந்தியபடியே எழுந்து நின்றார்.

"அண்ணே, எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்கயும் இல்ல. அதுவே கூப்பிடுது" என்றார் அவர்.

செவ்வாய்

வேலை முடிந்து நான் படிக்கும் கணினி மாலை வகுப்பில் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். கணினிக்குக் குருட்டாம்போக்கில் ஒரு எண்ணைச் சொல்லத் தெரியாது. தொடக்கமாக ஒரு விதை எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து கணக்குப் போட்டு, தாறுமாறாகத் தெரியும் எண்களைச் சொல்லும். விதை அதே என்றால் தாறுமாறும் அதேதான். எங்கள் நகலுக்குள் பழைய விதை ஒன்று அப்படியே தங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே நொடியில் கண்விழித்து, அதே பெயரைச் சொல்கிறது.

"எழுப்பும்போது வெளியிலிருந்து புது விதை எண் கொடுக்க வேண்டும்." இரண்டாம் வார வகுப்பில் எழுதியது. சிவப்பில் இரண்டு கோடு. என் கையெழுத்துதான்.

எங்கள் கடையின் குலுக்கல் சரிபார்ப்புப் பட்டியலில் அதை ஆறாவது படியாகச் சேர்த்தேன். விதையை நானே யோசித்துக் கொடுத்தால் அதிலும் சந்தேகம் வரும். அதனால் விருந்தில் ஒவ்வொரு மேசையும் ஒரு பகடை உருட்டட்டும், அறுபத்திரண்டு மேசையின் எண்களையும் வரிசையாகச் சேர்த்து விதையாக ஊட்டலாம் என்று ரமணி அக்காவிடம் சொன்னேன். "நல்லா ஜாலியா இருக்கும்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

வியாழன்

நல்லமுத்து அண்ணன் கடைக்கு வந்தார். பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்து, பிறகு பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். பரிசு மோட்டாரு என்ன கலரு?"

"தெரியலண்ணே. ஏன்?"

"ஹெல்மெட் வாங்கணும், அதான். பழைய மோட்டாரை மச்சானுக்குத் தள்ளிவிட்டுட்டேன். வீட்டுல ரெண்டு வைக்க இடமில்ல பாரு."

அவர் வீடு செபராங் ஜெயாவில். காலை ஆறு மணி ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு அவர் வீட்டுப் பக்கம் பஸ் கிடையாது. உட்காரவைத்து, விதை எண் விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப எனக்கு விழ எவ்ளோ சான்ஸு?"

"அறுநூத்திப் பன்னெண்டுல ஒண்ணு."

"முந்தி?"

"அறுநூத்திப் பன்னெண்டுக்கு அறுநூத்திப் பன்னெண்டு."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "மூணு தடவை கேட்டாலும் ஒரே பேரை ஒழுங்கா சொல்லுது. ஒழுங்கா ஓடுற மெஷினை யாரும்மா உன்னை நோண்டச் சொன்னா?"

மச்சானிடம் மோட்டாரைத் திரும்பக் கேட்கலாமே என்றேன். அவன் அன்றைக்கே அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டானாம்.

சனி

விருந்து. அண்ணன் கம்பெனி பஸ்ஸில் வந்தார், மடியில் புது ஹெல்மெட்டோடு. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் அவருக்குக் கைகொடுத்தார்கள். அவருடைய மேசைக்காரர்கள் மோட்டாரோடு நின்று படமெடுப்பதற்காக ஒரே நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள்.

பகடை உருட்டல் முக்கால் மணி நேரம் நீண்டது. பத்தொன்பதாம் மேசையில் ஐமான் என்ற ஸ்டோர் ஊழியர் உருட்டிய பகடை மீன் சூப்புக்குள் விழுந்தது. மறுபடி உருட்டச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிடிக்காத எண்ணைக் கழித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால்? கரண்டியால் இஞ்சியை விலக்கிப் பார்த்து, நான்கு என்று எழுதிக்கொண்டேன்.

ஆறாவது படி: விதை எண் கொடுக்கப்பட்டது. டிக் போட்டேன். எழுப்பினேன். அழுத்தினேன்.

5, சிதம்பரநாதன், நிதி மேலாளர்.

சிதம்பரநாதன் சார் அப்போது மேடையில்தான் இருந்தார், பரிசுச் சாவியைப் பிடித்தபடி. அவருக்கு இரண்டு கார். எல்லா ஊழியரும் என்றால் அவர் பெயரும் பட்டியலில் இருக்கத்தானே வேண்டும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கோல்மால்." அது மேசை மேசையாக முன்னால் வந்தது.

நான் மைக்கை எடுத்து விதை எண் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஏமாற்று வேலை மாதிரிக் கேட்டது. சார் என் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, அந்த எண்ணை உள்ளே போட்டது யாரு?"

"நான்தான் சார். பகடையில விழுந்ததை."

"நீ ஒண்ணும் போடாம, உன் கை படாம விட்டா யாரு வருவாங்க?"

"நல்லமுத்து அண்ணன்."

"பட்டா?"

"நீங்க சார்."

"அப்ப எதும்மா கோல்மால்?"

சரியான பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல ஒரு மணி நேரமும், ஒரு வெள்ளைப் பலகையும் வேண்டும். மண்டபத்தில் அடுத்து வறுத்த சோறு வர இருந்தது.

"கை படாம ஓட்டு. நான் ஜெயிச்சு ஊர்ல பேர் கெடணுமா?" என்றார் சார்.

வேறொரு விதையைச் சத்தமில்லாமல் ஊட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, புதிதாக ஒருவருக்கு நியாயமாக விழுந்திருக்கும். மூன்றாம் மேசையில் அண்ணன் ஹெல்மெட்டை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டேன். விதையை வெளியே எடுத்தேன். நான்தான் எடுத்தேன், வேறு யாரும் இல்லை. பழைய நகலை எழுப்பினேன். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டச் சொன்னார்கள், தூக்கினேன். ரமணி அக்கா பொத்தானை அழுத்தினார்.

அவ்வளவு பெரிய கைதட்டலை அந்த மண்டபத்தில் நான் கேட்டதில்லை. சாரும் தட்டினார். "இதுதான் நியாயம்" என்று ஐமான் என்னிடமே வந்து சொன்னார். மோட்டார் சிவப்பு. ஹெல்மெட் நீலம்.

திங்கள்

ஒரு விஷயத்தை எழுதிவைக்க வேண்டும்: நேற்று முன்தினம் கடைசிக் குலுக்கலில் மீதி 611 பேருக்கு ஒரு வாய்ப்பும் இருக்கவில்லை. அதற்கு முந்தைய நியாயமான குலுக்கலில் சாருக்கு விழுந்தது, அதை அவரே வேண்டாம் என்றார்.

ரமணி அக்கா, எங்கள் சரிபார்ப்புப் பட்டியலும் சேர்ந்த சான்றுப் படிவத்தோடு கடைக்கு வந்தார். குலுக்கல் முறைப்படி நடந்தது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஆறாவது வரியை அடிச்சிட்டு, கை படலைன்னு எழுதும்மா."

என்னால் முடியவில்லை. டிக்கை அடித்துவிட்டு, தெளிவாக, பெரிய எழுத்தில் எழுதினேன்: விதை எண் கொடுக்கப்படவில்லை. அதனால் முடிவு முன்பே தெரிந்திருந்தது. கீழே கையெழுத்திட்டுத் தள்ளினேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தேன்.

அக்கா இரண்டு முறை படித்தார். "ரெண்டும் ஒண்ணுதானேலா. உன் கை படல, அதானே?" என்று சொல்லி முத்திரை குத்தினார். அடுத்த வருடமும் நானே வர வேண்டுமாம், ஆனால் எதையும் தொடக் கூடாதாம்.

வாசலில் ஹாரன் சத்தம். சிவப்பு மோட்டாரில் நீல ஹெல்மெட். "கிளாஸுக்கு லேட்டாகுது, ஏறு தங்கச்சி" என்றார் நல்லமுத்து அண்ணன். பின்சீட்டில் எனக்கென்று இன்னொரு ஹெல்மெட் கட்டியிருந்தது. அது என் தலைக்குச் சரியாக இருந்தது. அளவு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"குருட்டாம்போக்குல எடுத்தேன்" என்றார்.