அடைக்கலமேரியின் அண்டா

இன்னாசிக்கு மேஸ்திரி வேலை கிடைத்ததில் ராயபுரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவன் கழுத்தில் பிகில் தொங்க ஆரம்பித்ததில்தான் வந்தது வினை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு அவன் தலைவன். குட்டையாக ஊதினால் தூக்க வேண்டும். நீளமாக ஊதினால் சுமையை இறக்கிவிட்டுக் கஞ்சிக்குப் போகலாம். குட்டை ஊதலுக்கு ஆட்கள் ஆளுக்கொரு திக்கைப் பார்த்துத் தலை சொறிவார்கள். நீள ஊதலுக்கோ, அது முடிவதற்குள் மூட்டை தரையில் இருக்கும், ஆள் கஞ்சிக் கலயத்தின் முன்னால் இருப்பான். அதைத் தன் அதிகாரத்துக்குக் கிடைத்த மரியாதை என்று இன்னாசி நம்பினான். நம்புவதற்கு வரியா போடுகிறார்கள்?

வீட்டிலும் அதே பிகில்தான். விடிந்ததும் பாயைச் சுற்றி நடந்து நடந்து ஊதுவான். மூத்தவள் ஃப்ளோரன்ஸ் காதுக்குள் விரலை விட்டுக்கொள்வாள். சின்னதுகள் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும்.

"எய்ந்திரிங்க! பூசைக்கு நேரமாவுது! மேஸ்திரி சொல்றேன்!"

"பேஜாரு பண்ணாத நைனா," என்று போர்வை பதில் சொல்லும்.

அப்போது அவன் மனைவி அடைக்கலமேரி புழக்கடைக்குப் போவாள். அங்கே மூடி போட்ட பெரிய செம்பு அண்டா இருக்கும். குனிந்து அதன் காதைப் பிடித்து, ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கி, "யம்மாடி... யேசுவே..." என்று ஒரு முனகல் முனகுவாள். அவ்வளவுதான். பாயில் கிடந்த அத்தனை பேரும் "இரும்மா, நான் வர்றேன்" என்று விழுந்தடித்து ஓடுவார்கள். போய்ச் சேர்வதற்குள் அவள் அண்டாவை வைத்துவிட்டு இடுப்பைத் தடவிக்கொண்டு, "வச்சிட்டேன், வுடுங்க. எய்ந்ததே எய்ந்துட்டீங்க, மூஞ்சக் கய்விக்கினு கெளம்புங்க," என்பாள். சுமக்கிறவளைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு மனசு பொறுக்கவில்லை என்று இன்னாசி புரிந்துகொண்டான். புரிந்துகொண்டு, மறுநாளும் பிகிலைத்தான் ஊதினான்.

அந்த வருஷம் அந்தோனியார் திருநாளில் சப்பரம் நடத்தும் பொறுப்பு அவனுக்கு வந்தது. அதுவரை நடத்தியவன் அவனுடைய மச்சான் இக்னேஷியஸ், அடைக்கலமேரியின் அண்ணன். விட்டுக்கொடுத்ததில் அவனுக்கு வயிற்றெரிச்சல் இல்லையாம். "ஒன்னால முடியலன்னா ஒரு கொரல் குடு மாப்ளே, நான் கீறேன்," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சிரித்தான். சப்பரம் ஒழுங்காகக் கோயில் சேராவிட்டால் பொறுப்பு திரும்பவும் மச்சானுக்குப் போய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்போடு அந்தப் பேச்சையும் சேர்த்து விழுங்க வேண்டும்.

திருநாளன்று கோட்டு மாட்டி, மீசையை முறுக்கி, பிகிலைத் துடைத்துத் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். சப்பரத்தைச் சுமந்தவர்கள் வேறு யாருமில்லை, அவனுடைய துறைமுக ஆட்கள்தான். அந்தோனியார் மல்லிகை மாலைகளுக்கு நடுவே ஆடி அசைந்து வந்தார். கடைவீதி வரை எல்லாம் ஜோர்.

கடைவீதியில் எதிரே டிராம் வந்தது. இன்னாசி கையை உயர்த்தினான். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, டிராமை நிறுத்துவதற்காக நீளமாக ஒரு ஊது ஊதினான்.

டிராம் நின்றது. அந்தோனியாரும் நின்றார்.

ஆட்கள் சப்பரத்தை அழகாகத் தண்டவாளத்தின் மேல் இறக்கிவைத்து, துண்டை உதறி, நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவனான தொம்மை பீடி பற்றவைத்தான்.

"டேய், இன்னாடா இது? தூக்குங்கடா!"

"கஞ்சி பிகிலு ஊதிட்ட மேஸ்திரி," என்றான் தொம்மை. "கஞ்சி எங்க?"

"நான் டிராமுக்கு ஊதுனேன்டா!"

"டிராம் கஞ்சி குடிக்குமா? ஆர்பர்ல ஒரு ரூலு, ரோட்ல ஒரு ரூலா? கஞ்சி குட்ச்சாத்தான் தூக்குறது."

இன்னாசி குட்டையாக ஊதினான். எல்லோரும் வழக்கம்போல ஆளுக்கொரு திக்கைப் பார்த்தார்கள். அதட்டினான், கெஞ்சினான், அந்தோனியாரைச் சாட்சிக்கு இழுத்தான். டிராம்காரன் மணியை அடித்துத் தள்ளினான். கோயிலில் ஆசீர்வாதத்துக்குச் சாமியார் காத்திருப்பதாக ஆள் வந்து சொன்னான். சந்தர்ப்பம் பார்த்து இக்னேஷியஸ் பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தபடி பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னா மாப்ளே, நான் தூக்கச் சொல்லட்டா?"

இன்னாசிக்கு அழுகை முட்டியது. அத்தனை ஜனத்துக்கு நடுவே அவனுக்கு நினைவுக்கு வந்தது புழக்கடை அண்டா. கோட்டைக் கழற்றி மச்சான் கையிலேயே கொடுத்தான். பிகிலைக் கழற்றி அந்தோனியாரின் காலடியில் வைத்தான். முன்பக்கத்துத் தோள்கட்டைக்கு அடியில் புகுந்து, கால்களை அகட்டி, அடிவயிற்றிலிருந்து கூவினான்:

"யம்மாடி... யேசுவே..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆனால் சப்பரத்தின் மூலை மெய்யாகவே எழும்பிவிட்டது. அந்தோனியார் மெல்லப் பின்னால் சாய்ந்தார். மாலை நழுவி அவர் முகத்தை மூடியது. இன்னாசியால் மேலே தூக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. கண் பிதுங்கியது.

"யோவ் மேஸ்திரி! சாமி சாயுதுய்யா!" தொம்மை பீடியை எறிந்துவிட்டுப் பாய்ந்தான். மற்றவர்களும் பாய்ந்தார்கள். கோட்டோடு பின்பக்கம் ஒதுங்கியிருந்த இக்னேஷியஸ் பட்டும் கையுமாகச் சாமியைத் தாங்கப் போய்க் கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டான். வெளியே வர வழியில்லை. கோயில் வாசல்வரை மாப்பிள்ளைக்குப் பின்னால் வியர்க்க விறுவிறுக்கச் சுமந்துகொண்டே வந்தான்.

சாயங்காலம் வீட்டில் இன்னாசியின் தோள் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அடைக்கலமேரி நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தாள்.

"எல்லாம் ஒன்னான்ட கத்துக்கினதுதான்," என்றான் அவன் பெருமையாக. "நீ அண்டாவத் தூக்குற மாரியே தூக்குனேன்."

தேய்த்த கை நின்றது.

"அட பாவி மனுசா! அது காலி அண்டாய்யா! நெஜமான சொமைக்கு அடீல ஒன்ன யாரு பூரச் சொன்னது?"

"காலியா? அந்த முனகலு?"

"முனகுனாத்தான எய்ந்திருக்குதுங்க. தண்ணி ரொப்பி தெனமும் தூக்குனா என் இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்?"

இன்னாசிக்கு அவமானம் பாதி, சிரிப்பு பாதி. இத்தனை வருஷமாக அந்த முனகலுக்கு மனசு பதறியவர்களில் அவனும் ஒருவன்.

மறுநாள் விடிந்தது. பிள்ளைகள் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு பிகிலுக்காகக் காத்திருந்தார்கள். பிகில் வரவில்லை. புழக்கடையில் அடைக்கலமேரி அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். காலி என்று தெரிந்தும் இன்னாசி போய் மறு காதைப் பிடித்தான். அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் சிமிட்டினான்.

"யம்மாடி..." என்றாள் அவள்.

"யேசுவே..." என்றான் அவன், அவளைவிடச் சத்தமாக.

உள்ளே போர்வைகள் பறந்தன.