வயிற்றால் நிற்பது

அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியின் சத்தம் நின்றுபோனதை முதலில் கவனித்தது மோகனப்ரியாதான். ஒப்பாரி நிற்கவில்லை. வாசலில் பந்தல்காரர்கள் கம்பைத் தட்டுவது நிற்கவில்லை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளும் போய்க்கொண்டுதான் இருந்தன. விடிகாலையிலிருந்து அப்பாவின் தலைமாட்டில் உறுமிக்கொண்டிருந்த அந்த ஒரு சத்தம் மட்டும் இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்ப் பெட்டியில் காதை வைத்தாள். பார்த்தவர்களுக்கு, மகள் அப்பன்மேல் சாய்ந்து அழுகிறாள் என்று தோன்றியிருக்கும்.

அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து தூங்கிய தூக்கம்தான் இத்தனை நாளும் அவள் தூங்கிய தூக்கம். கண்ணுக்குள் கடற்கரை மணலே கிடப்பதுபோல் உறுத்திற்று.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த தவ்ஃபீக்கைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பெட்டி அவனுடையது. வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கியவன், தெருமுனைக்குக்கூடப் போகாமல் காத்திருந்தான், பாவம்.

"இன்னாக்கா?"

"ஓடல பாரு."

அவன் ஸ்விட்சை அணைத்துப் போட்டான். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினான். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "புது மாடல்க்கா இது. கரண்ட்டு போனாலும் பேட்டரில ஓடும். இப்போ இன்னா பேஜாரு பண்ணுதுன்னு தெரில."

"வேற பெட்டி?"

"கத்திரி வெயிலுக்கா. எல்லாம் வெளிய கீது. ஒண்ணு திரும்பி வர சாயங்காலமாவும்."

தம்பி ஜெகதீசன் மஸ்கட்டிலிருந்து விமானம் ஏறிவிட்டான். அவன் மீனம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து ஊரைக் குறுக்கே தாண்டித் திருவொற்றியூர் குப்பத்துக்கு வந்து சேரவும் சாயங்காலமாகும். வெளியே தார்ச்சாலை இளகும் வெயில். அதுவரை அப்பா தாங்க மாட்டார்.

காதுக்குக் காது விஷயம் போய், அப்பாவோடு ஒரே படகில் பங்கு வைத்திருந்த பெரியப்பா அருள்பிரகாசம் உள்ளே வந்தார். "இதுக்கா இத்தினி யோசனை? காசிமேட்ல சொன்னா ஐஸ் பார் வந்துடும். ஒடைச்சு சுத்தி அடுக்கினா ரெண்டு நாளுகூட தாங்கும். நம்ம கிட்ட இல்லாத ஐஸா?"

தலைவிரிகோலமாகக் கிடந்த அம்மா புஷ்பவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னா சொன்னீங்க? என் புருசன் இன்னா வஞ்சரமா, ஐஸ் போட்டு அடுக்க?"

பெரியப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆயுசு பூரா மீனுக்கு ஐஸ் போட்டாரு. அவுரையும் அப்டியே போட்டு வெப்பீங்களா? எம்புள்ள வந்து, அப்பன் மூஞ்ச ஐஸ்ஸுக்குள்ள தேடணுமா?"

"அப்போ இப்பவே எடுத்துட வேண்டிதான் புஷ்பா. வெயிலப் பாரு."

"புள்ள பாக்காம எடுக்க உடமாட்டேன்."

இரண்டு பேரும் மோகனப்ரியாவைப் பார்த்தார்கள். கல்யாணம் முறிந்து வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்றால் கடைசியில் அவளைத்தான் பார்ப்பார்கள். அவள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "தவ்ஃபீக், ஸ்க்ரூ டிரைவர் கீதா?" என்றாள்.

பக்கத்துத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே உள்ளங்கை அகலப் பச்சைப் பலகை. அதில் மிளகைவிடச் சற்றே பெரிய கறுப்புச் சதுரம் ஒன்று. அதைச் சுற்றிப் பலகை வெந்து பழுப்பேறியிருந்தது. பென்சிலின் பின்பக்கத்தால் அந்தச் சதுரத்தை மெல்ல அழுத்தினாள். மோட்டார் உறுமியது. எடுத்தாள். நின்றது.

"அப்போ நா இத்த அமுக்கிக்கினே குந்திக்கிறேன்க்கா," என்றான் தவ்ஃபீக், நிஜமாகவே.

"ஜெகா வர்ற வரைக்குமா? கைய எடுடா."

திருவொற்றியூரில் எலெக்ட்ரானிக்ஸ் பலகைகள் செய்யும் கம்பெனியில் அவளுக்குப் பழுது மேசை வேலை. மிஷின் தப்பாக ஒட்டியதையெல்லாம் பிரித்துத் திரும்ப ஒட்டுவாள். வீட்டின் பின்னறையிலும் ஒரு மேசை போட்டு, படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பார்த்துக் கொடுப்பாள். சாதாரணச் சிப்புக்குப் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் இருக்கும். ஒட்டியதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். இந்த மாதிரிச் சிப்புக்குக் கால் கிடையாது. ஓரத்தில் பொட்டுப் பொட்டாகத் தகடு, அடியில் நடுவே அகலமாக ஒரு தகடு. கம்பெனிப் பெண்கள் இதை மொட்டை என்பார்கள். அடித்தகட்டை வயிறு என்பார்கள். சூடு அந்த வயிற்றின் வழியாகத்தான் பலகைக்கு இறங்க வேண்டும்.

அப்பா ஒரு நாள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார். "காலே இல்லாதத எப்டிம்மா நிக்க வெக்கிற?"

"வயித்தால நிக்கும் நைனா."

"அட, நம்மாளு!" என்று சிரித்தார்.

பெட்டியின் பலகையைக் கழற்றி எடுத்துப்போய், பின்னறையில் மேசை விளக்கைப் போட்டு, மின்விசிறியை நிறுத்தினாள். விசிறிக் காற்றுக்கு மொட்டை பறந்துவிடும். சூட்டுக்காற்றுக் குழலை எடுத்தபோது அத்தை கன்னியம்மா வாசற்படியை மறித்து நின்றாள். செத்துப்போனவரின் தங்கை.

"சாவு வூட்ல அடுப்பு பத்த வெக்கக் கூடாதுடி. எங்கண்ணன் இன்னும் உள்ளதான் கீறான்."

"அடுப்பு இல்ல அத்தை. காத்து."

"காத்தா?"

"சூடா வர்ற காத்து."

அத்தை குழலின் முன்னால் கையை நீட்டி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "வெளிய அடிக்கிறதும் இதே காத்துதான். சரி, காத்துதானே," என்று சொல்லி, கதவை ஒருக்களித்துச் சாத்தித் தானே குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

மொட்டையைச் சூடாக்கிப் பெயர்த்துப் புரட்டிப் பார்த்தாள். ஓரமெல்லாம் பளபளவென்று ஒட்டியிருந்தது. வயிற்றில் ஒரு மூலையில் மட்டும் ஈயம், மற்றதெல்லாம் காலி. ஒட்டியவன் ஓரத்தைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டான். பட்டினி கிடந்தே சூடேறி, மொட்டை குறுக்கே வெடித்திருந்தது. இனி ஆகாது.

அவளுடைய டப்பாவில் புதுசு ஒன்று இருந்தது. அதே அளவு, அதே வேலை. ஆனால் வேறு கம்பெனி, வயிறு சிறிசு. ஜன்னலுக்கு வெளியே நின்ற தவ்ஃபீக்கிடம் இதேபோல் பழைய பலகை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவன் வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய பலகையொன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தான். "மோட்டாரு கெட்டுப் பூட்ட பெட்டியோடதுக்கா. இது தூக்கிப் போட வெச்சிருந்தது." அதிலிருந்த மொட்டைக்கு வயிறு அகலம். ஆனால் அடிபட்டது, எத்தனை வெயில் பார்த்ததோ. புதுசையும் பழசையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் புதுசு. இந்த வெயிலில் சூடு இறங்க வேண்டுமே. பழசையே எடுத்தாள்.

ஈயம் வைத்துக் காற்றைக் காட்டினாள். மொட்டை அமரவில்லை, அலையில் கட்டிய கட்டுமரம் மாதிரி ஒரு பக்கமாய்த் தூக்கிக்கொண்டு மிதந்தது. வயிற்றுக்கு அதிகமாக ஈயம் வைத்துவிட்டாள். அதிகமானால் மிதக்கும், ஓரம் எட்டாது. கம்பெனிக்குப் புதிதாக வரும் பெண்கள் செய்கிற தப்பு. அவள் செய்து வருஷக்கணக்காகிறது.

கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் பெரியப்பா, "பூவு வந்துச்சா? தேரு கட்றவன் எங்கடா?" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியவரு எடுக்கிற ஏற்பாட்ல கீறாருடி," என்றாள் அத்தை, திரும்பாமலே.

"தெரியுது அத்தை."

பழைய ஈயத்தைத் துடைத்தெடுத்து, ஈயம் பரவி ஒட்டுவதற்கான பிசினைத் தடவி, இந்த முறை கொஞ்சமாக வைத்தாள். காற்று பட்டதும் பிசின் புகைந்தது. ஈயம் சட்டென்று கண்ணாடியானது. மொட்டை ஒரு பெருமூச்சு விட்டாற்போல் கீழே இறங்கிற்று. இடுக்கியால் லேசாகத் தள்ளினாள். நகர்ந்து, தானாகவே தன் இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது. அப்படி வந்தால் வயிறு ஒட்டியிருக்கிறதென்று அர்த்தம்.

புகை கூடத்துக்குப் போய்விட்டது. "யாருடி சாம்பிராணி போட்டது?" என்று அம்மாவின் குரல்.

"நாந்தான் அண்ணி," என்றாள் அத்தை.

பலகையைப் பூட்டிப் பிளக்கைச் சொருகினார்கள். மோட்டார் ஒருமுறை திக்கி, பிறகு உறுமியது. அருள்பிரகாசம் பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்காமலே வாசல் பக்கம் திரும்பி, "தேரு சாயங்காலமா வந்தா போதும்னு சொல்லு," என்றார். அம்மா திரும்பவும் தரையில் சாய்ந்துகொண்டாள்.

அதன்பிறகு மோகனப்ரியா பெட்டியை விட்டு நகரவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோதும் அவள் காது அந்த உறுமலிலேயே இருந்தது. கண்ணாடியில் வியர்க்கிற ஈரத்தை அவ்வப்போது துணியால் துடைத்து, அப்பாவின் முகம் தெரியும்படி வைத்தாள்.

ஜெகதீசன் வந்தபோது வெயில் தணிந்திருந்தது. தோளில் பையோடு ஓடி வந்து பெட்டிமேல் விழுந்தான். மூடியைத் திறந்தார்கள். அப்பாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தவன், திடுக்கிட்டு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

"இன்னாக்கா, நைனா இவ்ளோ ஜில்லுனு கீறாரு?"

"ஆமாண்டா," என்றாள்.

அம்மா மகனைக் கட்டிக்கொண்டாள். எல்லாப் பெண்களும் அவர்கள் இரண்டு பேரையும் சூழ்ந்துகொண்டார்கள். இடமில்லாமல் மோகனப்ரியா சுவரோரமாக ஒதுங்கினாள். பிறகு எல்லாம் வேக வேகமாக நடந்தது. தண்ணீர் ஊற்றியது, வேட்டி கட்டியது, தேரில் ஏற்றியது. பெண்கள் தெருமுனை வரை போனார்கள். மேளச் சத்தம் லாரிச் சத்தத்தோடு கலந்து தேய்ந்ததும் திரும்பி வந்தார்கள்.

வீடு கழுவத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தவ்ஃபீக் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பெட்டியின் மூடி திறந்தே கிடந்தது. அடித்தகடு முழுக்க வெள்ளையாகப் பனி படர்ந்திருக்க, நடுவே ஆள் கிடந்த இடம் மட்டும் தலையும் தோளுமாகப் பனியில்லாமல் இருந்தது.

அப்போதுதான் ஆட்காட்டி விரல் எரிவது அவளுக்குத் தெரிந்தது. நுனியில் கொப்புளம் எழும்பியிருந்தது. எப்போது சுட்டுக்கொண்டாளோ. குனிந்து, தோள் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். குளிர்ந்தது.

"ஏத்திக்கவாக்கா?"

"இரு."

தவ்ஃபீக் சுற்றிய வயரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி நின்றான்.