துப்பாக்கிக்கு ஒரு நாள் லீவு

தங்கையன் வீட்டுத் துப்பாக்கியால் ஒன்பது வருஷத்தில் ஒரு வௌவால்கூடச் செத்ததில்லை. திருவானைக்காவலுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் அவருக்கு வாழைத்தோட்டம். இருட்டியதும் மொட்டைக் கோபுரத்துப் பக்கமிருந்து வௌவால்கள் கூட்டமாக வந்து இறங்கும். அவர் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். அவை மரியாதைக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வந்து தொங்கும். லைசென்ஸில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று போட்டிருந்தது. வௌவால்களுக்குப் படிக்கத் தெரியாது.

விடிந்து வீடு திரும்பியதும் குழலை மடக்கித் தோட்டாவை உருவுவார். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பீரோவிலேயே தொங்கவிட்டு, வெறும் துப்பாக்கியை ஆணியில் மாட்டுவார். ஒரு நாளும் தவறியதில்லை. அதனால்தான் அவருடைய எட்டு வயது மகன் பிச்சமுத்து அதை எடுத்து யாரையாவது குறிபார்த்தால் வீட்டில் எவரும் தலைநிமிர்வதில்லை. டிக் என்று சத்தம் வரும். விருந்தாளிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். நன்றாகச் சாய்ந்தவர்களுக்கு இரண்டாவது டம்ளர் காபி கிடைத்தது. எல்லாரையும்விட நன்றாகச் செத்தவன் பக்கத்துத் தெரு அக்னஸ் டீச்சரின் மகன் சவரிராயன். நாக்கைத் தொங்கப்போட்டு, ஒரு காலை மட்டும் ஆட்டி, நிதானமாகச் சாவான்.

எழுபத்தாறாம் வருஷம் ஆயுத பூஜையன்று காலை அவர் தோட்டத்திலிருந்து வரும்போதே மனைவி செல்லக்கிளி பலகை போட்டுத் தயாராக இருந்தாள். அரிவாள், மண்வெட்டி, சைக்கிள் பம்ப், பையனின் புத்தகங்கள். அவர் தோளிலிருந்த துப்பாக்கியையும் வாங்கிக் கிடத்திச் சந்தனம் வைத்தாள். சூடம் காட்டும்போதுதான் அவருக்குத் தோட்டா ஞாபகம் வந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. சந்தனம் வேறு, சரியாகக் குழல் மடங்கும் இடத்தில் இருந்தது. துப்பாக்கிக்கும் ஒரு நாள் லீவு, யாரும் தொடப்போவதில்லை, விடிந்ததும் உருவிக்கொள்ளலாம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விடியுமுன் வாழைத்தார் ஏற்ற லாரி வந்தது. அவர் அதிலேயே காந்தி மார்க்கெட் போய்விட்டார்.

விஜயதசமியன்று பூஜையிலிருந்து எடுக்கிற பொருளை ஒப்புக்காவது ஒரு வேலை செய்ய வைக்க வேண்டும். செல்லக்கிளி அரிவாளால் ஓர் இலை நறுக்கினாள். பிச்சமுத்து புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்தான், சைக்கிளுக்குக் காற்றடித்தான். பொரிகடலைக்கு வந்திருந்த சவரிராயன் துப்பாக்கியைக் காட்டி, "இது என்னடா பாவம் பண்ணுச்சு, சும்மாவே கெடக்கு?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, விழத் தோதான இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.

டிக் என்று சத்தம் வரவில்லை. இந்த முறை அவன் காலை ஆட்டவில்லை.

செல்லக்கிளியின் தம்பி அம்மாசி, வக்கீல் குமாஸ்தா. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே காதோடு சொன்னான். "மச்சான், தோட்டாவை நீங்க விட்டுட்டுப் போனீங்கன்னா உள்ள வச்சிருவாங்க. பையனே பீரோவிலேருந்து எடுத்துப் போட்டுட்டான்னா ஒண்ணுமில்ல. எட்டு வயசு. சட்டம் அவனை ஒண்ணும் பண்ணாது."

தங்கையன் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி போயிற்று, லைசென்ஸ் போயிற்று. பத்திரிகை நான்கு வரி எழுதி, தங்கையனைத் தங்கவேலு ஆக்கியது. அந்த நான்கு வரியில் தப்பு அது ஒன்றுதான் என்று ஊர் நம்பியது.

பிச்சமுத்துவைச் சட்டம் ஒன்றும் பண்ணவில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் அவன் மட்டும் உட்கார்ந்தான். கபடிக்கு ஆள் குறைந்தால் குறைந்த ஆளோடு ஆடினார்கள். சாயங்காலங்களில் தோட்டத்துக்கு வந்து, தானே இரண்டு கட்சியாகவும் கோலி ஆடுவான். இரண்டு கட்சியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாது. மேலே வௌவால்கள் நிம்மதியாகச் சாப்பிட்டன. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தங்கையன் தினமும் கிளம்புவார். வாய்க்கால் வரை வருவார். பிறகு அங்கே ஏதாவது களை இருக்கும்.

அடுத்த வருஷம் பூஜைக்கு முதல் நாள் பையனே வாய்க்காலைத் தாண்டி வந்தான். புத்தகங்களைப் பூஜையில் வைக்கமாட்டேன் என்றான். சரி என்றார். அவன் போகவில்லை.

"அப்பா, அந்தத் தோட்டாவை நான் எப்பப் போட்டேன்?"

தங்கையன் களையைப் பிடித்தபடி இருந்தார்.

"தெனம் யோசிக்கிறேன். பீரோவைத் தொறந்தது ஞாபகம் வருது. தோட்டாவை எடுத்ததும் வருது. போட்டதுதான் வரமாட்டேங்குது."

பீரோவை அவன் தொட்டதேயில்லை. ஒரு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து பாதிப் பொய்யை உண்மையாக்கி வைத்திருந்தான். மீதிக்கு அப்பாவிடம் உதவி கேட்டு வந்திருக்கிறான்.

"நீ போடலடா. நான்தான் உருவாம விட்டேன். சூடம் காட்டறப்பவே எனக்குத் தெரியும்."

அழுவான் என்று நினைத்தார், அல்லது மண்ணை வாரி அடிப்பான் என்று. அவன் கோலிகளை எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அக்னஸ் டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போய்ச் சொல்லுங்க."

அவர் முன்னால் நடந்தார். அம்மாசி சொன்ன 'உள்ள வச்சிருவாங்க' கூடவே வந்தது. பையன் பத்தடி பின்னால் வந்து தெருமுனையில் நின்றுவிட்டான். ஒரு வருஷமாக அவன் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை.

அக்னஸ் டீச்சர் வாசலில் நாற்காலி போட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து தங்கையனைப் பார்த்தார், அவரைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. சிவப்புப் பேனாவை மூடினார்.

தங்கையனும் திரும்பிப் பார்த்தார். சாதாரணமாகப் பேசினால் தெருமுனை வரை கேட்காது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்.