வியாழக்கிழமை நெஞ்சு

எழுதிப் பழகாத கை இது. பெரியவர்கள் புழங்கும் கூடத்தில் செருப்போடு நுழைந்துவிட்டேன் என்று தோன்றினால், வாசகர்கள் பெருந்தன்மையோடு பொறுத்தருள வேண்டும். ஒரு டயர்க் கடைக்காரரின் கடைசி நாளைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. என் துணிச்சல் அவ்வளவே.

கடையை ஒட்டிய வீட்டு வாசலில் கையைக் குறுக்கே நீட்டி மறித்துக்கொண்டு நின்றாள் அவர் மகள். எதிரே பல்கலைக்கழகக் கிளினிக்கின் மாணவர்கள் சிலர், வெள்ளை அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார்கள்.

"இன்னிக்கு வேண்டாம். பொழுது சாயறவரைக்கும் தாங்காதுன்னு உங்க டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

"தெரியும்க்கா. அதான் வந்தோம்," என்றாள் கண்ணாடி போட்ட மாணவி.

"எதுக்கு? சாகற நெஞ்சு எப்படிச் சத்தம் போடும்னு கேக்கவா?"



மகளின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது. அறுவை சிகிச்சைக்கு உடல் இடம் கொடுக்காது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்ட பின், அந்த ஒழுகும் ஓசையை மாணவர்கள் கேட்டுப் படிக்கலாமா என்று கிளினிக்கில் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அப்பா சொன்னார்: "தாராளமா. ஆனா நீங்கதான் என் கடைக்கு வரணும். என் நெஞ்சைக் கேட்டா, அங்க வந்து உக்கார்ற எல்லார் நெஞ்சையும் கேக்கணும்."

பல்கலைக்கழக மதிலுக்கு அப்பால் அதுவரை எட்டிப் பார்க்கவும் கூசிய தெரு, வியாழன்தோறும் டயர் அடுக்குகளின்மேல் உட்கார்ந்து, ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டது. மீன்காரிக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் அங்கேதான். ஊரான் பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்ட அந்த நெஞ்சை, பக்கத்திலேயே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மகள் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

உள்ளிருந்து குரல் வந்தது. "வியாழக்கிழமைக் கூட்டமா? வந்த கஸ்டமரைத் திருப்பி அனுப்பாதேம்மா."

அவள் கையை இறக்கினாள்.

கட்டிலைச் சுற்றித் தரையில் அமர்ந்தார்கள். யாரும் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவில்லை. உண்மையாகவே அவருடன் சற்று இருந்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்கள்.

"என்னடா, எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சியை வச்சிருக்கீங்க? இன்னும் இருக்கேன்ல? குழாயை எடுங்க."

சிரிப்பும் விசும்பலுமாய் மாணவி அதை எடுத்தாள். ஒரு கணம் யோசித்தவள், மகளிடம் நீட்டினாள். "முதல்ல நீங்க கேளுங்கக்கா."

"என் கையெல்லாம் கருப்பு."

"எனக்கு மட்டும் வெளுப்பா?" என்றார் அப்பா.

மாணவி ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை அவர் மார்பில் பதித்தாள். மகள் குழாய்களைக் காதில் வைத்தாள்.

முதலில் ஒரு தட்டல். பிறகு நீளமாய் ஒரு சீறல். ஓட்டை டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினால் வருமே, அதே மூச்சு. மறுபடி தட்டல், மறுபடி சீறல். ஓட்டை டியூபோடு ஒரு சைக்கிள் தெருமுனையைத் தாண்டாது என்பது அவள் தொழில் அறிவு. இதுவோ லாரி டயர்களைப் புரட்டியிருக்கிறது. அவளைத் தோளில் சுமந்திருக்கிறது. அம்மாவைச் சுடுகாட்டுக்கு வழியனுப்பிவிட்டு மறுநாளே கடை திறந்திருக்கிறது.

"ஓட்டை எங்கன்னு தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"ஒட்டிடாதே. நிறையப் பேர் அதுல படிச்சிருக்காங்க."

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். குழாய் மீண்டும் அவளிடமே வந்தது. வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தபோது சீறல் தேய்ந்தது; பின் தட்டல் மட்டும்; பின் அதுவும் இல்லை. அவள் காதிலிருந்து குழாயை எடுக்கவில்லை. மாணவியும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. வியாழக்கிழமை என்பதால் வெளியே டயர்களின்மேல் வந்து அமர்ந்திருந்தவர்கள், யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார்கள்.

போனவை: ஓர் அப்பா. கடையில் ஓர் உரத்த சிரிப்பு. தட்டலுக்குப் பின் வரும் அந்தச் சீறல்.