ஓட்டம் சாரும் ஓடாத பெல்ட்டும்

விமான நிலையத்தின் அடித்தளத்தில், பயணிகளின் பெட்டிகளைப் பிரித்து அந்தந்த விமானத்துக்கு அனுப்பும் கூடத்தில், புதுப் பெல்ட் ஓடத் தொடங்கிய முதல் நாளே நின்றுபோனது. நின்றதுகூடப் பெரிதில்லை. திரையில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தன. தனக்கு ஒரு குறையும் இல்லை என்று பெல்ட் அடித்துச் சொன்னது.

அதற்கு நிரல் எழுதியவள் திரைக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அரைப்புள்ளி என்று பெயர். நிரலின் ஒவ்வொரு வரி முடிவிலும் அதை வைக்க மறந்ததால் கணினி ஆசிரியர் சூட்டியது. கல்யாணமான பிறகு புருஷனும் அப்படியே கூப்பிட்டான்.

மேலாளர் மூச்சிரைக்க வந்தார். "மேல ஜனங்க விமானத்துல ஏறிட்டிருக்காங்கம்மா. அரை மணி நேரத்துல பெட்டி இறங்கலைன்னா உன் புரோகிராமத் தூக்கிட்டு, பழைய கம்பெனிக்காரங்களையே கூப்பிட்டுருவேன். அப்புறம் என்னைத் திட்டாத."

"ரெண்டு தட்டு தட்டிப் பாப்போமா சார்?" என்றார் சுமை தூக்குபவர்களின் மேஸ்திரி.

"தட்டுறதுக்கு அதென்ன உங்க வீட்டு ரேடியோவா?"

அவள் திரையை முறைத்தாள். உடனே அந்தக் கணினி ஆசிரியர், ஓட்டம் சாரின் பழைய குரல் காதில் விழுந்தது. "ஏய் அரைப்புள்ளி, நீ மொறைச்சா அது பயந்துபோய் உண்மையச் சொல்லிடுமா? எந்திரி. நீயே அதுவா இருந்து பாரு!"

ஓட்டம் சார் நிரலைக் கணினியில் ஓட்டும் முன்னால் பிள்ளைகளை வைத்து ஓட்டுவார். காரணம் இருந்தது. அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு கணினி. அது கண் விழிப்பதற்குள் கடைசி பெஞ்சுப் பையனுக்கு மீசை முளைத்துவிட்டது. ஒருநாள் உயரப்படி வரிசைப்படுத்தும் நிரலை வராந்தாவில் ஓட்டினார். ஆளுக்கு ஒரு கட்டம், பக்கத்து ஆள் குட்டையென்றால் இடம் மாறு. சத்தம் கேட்டுக் கண்டிக்க வந்த தலைமையாசிரியரும் வரிசையில் சிக்கி, மாறி மாறி நகர்ந்து, மூன்றாவது இடத்தில் போய் நின்றார். மணியடிக்கும்வரை அசையவில்லை. தன் இடம் எது என்று வேலைக்கு வந்த நாளிலிருந்து அன்றுதான் தெரிந்துகொண்டதாக அவரே சொன்னார்.

அரைப்புள்ளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "மேஸ்திரி அண்ணே, எல்லாரையும் கூப்பிடுங்க! ஆளுக்கொரு பெட்டி. சார், நீங்களும் வாங்க!"

"நானா?"

"நீங்கதான் இடது வாசல்."

கூரைக்கு அடியில், கீழிருந்து யார் கண்ணுக்கும் படாத உயரத்தில், இடதும் வலதுமாக இரண்டு பெல்ட்டுகள், தனித்தனி வாசல் வழியாக, ஒன்றாகச் சேருமிடம் இருந்தது. அதைத் தரையில் சாக்கட்டியால் வரைந்தாள். இடது வாசலில் மேலாளர், வலது வாசலில் மேஸ்திரி. தன் நிரலை வரி பிசகாமல் உரக்கப் படித்தாள்.

"பெட்டி வந்தா எதிர் வாசலப் பாருங்க. அங்க பெட்டி இருந்தா நில்லுங்க. இல்லைன்னா தள்ளிவிடுங்க. சொந்த புத்திய உபயோகிக்கக் கூடாது!"

"அது எனக்குப் பழக்கம்தான்," என்றார் மேஸ்திரி.

ஆட்கள் பெட்டியோடு ஓடி வந்தார்கள். இடதில் ஒன்று வந்தது, போனது. வலதில் ஒன்று வந்தது, போனது. ஓட ஓட உற்சாகம் ஏறியது. ஒருவன் விசிலே அடித்தான். அப்போது இரு பக்கமும் ஒரே நொடியில் பெட்டி வந்தது.

மேலாளர் நின்றார். மேஸ்திரியும் நின்றார்.

"ஏம்ப்பா நிக்கிற?"

"நீங்க நிக்கிறீங்களே சார்."

"நீ போனாத்தான் நான் போக முடியும்."

"நீங்க போனாத்தான் நானும்."

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் எதிர்ப்பட்ட சம்பந்திகள் மாதிரி இருவரும் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் பெட்டிக்காரர்கள் முட்டி மோதினார்கள்.

"அய்யோ!" அரைப்புள்ளி துள்ளிக் குதித்தாள். "அதேதான்! அப்படியே நில்லுங்க, அசையாதீங்க!"

சோதனையின்போது ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பெட்டி அனுப்பியிருந்தாள். இரண்டும் சேர்ந்து வந்தால் யாருக்கு முறை என்று அவள் சொல்லவே இல்லை. வாசல்கள் பழுதாகவில்லை, காத்திருந்தன. அதனால்தான் பச்சை விளக்கு.

ஓடிப்போய் ஒரு வரி சேர்த்தாள்: இரு பக்கமும் பெட்டி இருந்தால், போன தடவை போகாத வாசலுக்கு இந்தத் தடவை முறை. பொத்தானை அழுத்தினாள்.

கூரையில் ஒரு முனகல். அப்புறம் ஒரு பெட்டி, அடுத்தது, அதற்கடுத்தது என்று சரிவில் தடதடவென்று கொட்டின. ஆட்கள் "ஓ" என்று கூவிக்கொண்டு வண்டிகளில் ஏற்றினார்கள். கடைசி வண்டி கிளம்பியபோது விமானத்தின் கதவு இன்னும் திறந்தேயிருந்தது.

அவள் கை தானாகப் போனில் சாரின் எண்ணைத் தேடியது. அவர் காலமாகி ஒரு வருஷமாகப் போகிறது என்பது கைக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மேஸ்திரியின் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்க சார் இருக்காரே அண்ணே, அவர் மட்டும் இத பாத்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். ஏற்றி முடித்தவர்கள் எல்லாரும் கதை கேட்க, அடுத்த விமானத்துப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

மேலாளரின் போன் அடித்தது. எதற்கும் தயாராக இருக்கச் சொல்லியிருந்த பழைய கம்பெனிக்காரர்கள்.

"வர வேணாம்," என்றார் அவர், சாக்கட்டிக் கோட்டை விட்டு நகராமல். அவர்கள் ஏனென்று கேட்டிருக்க வேண்டும்.

"நான் இப்ப இடது வாசல். அப்புறம் பேசுறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.