வாட வேண்டிய வரிசை

1

இந்தக் கதை எனக்கு 1983 கோடையில், செம்பட்டி பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண், ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். என்னவென்று கேட்டேன். "செடிக்குத் தண்ணி ஊத்திட்டாங்க சார்" என்றாள். அந்தக் கோடையில் தண்ணீர் கிடைத்ததற்காக அழுத ஒரே ஆள் அவள்தான். மாலதி என்று பெயர் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

"வானம் பொய்த்த அந்த ஆண்டு, வறண்ட கண்மாய்க் கரையில்..."

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

3

மாலதி திண்டுக்கல்லில் ஆராய்ச்சி மாணவி. தண்ணீர் இல்லாதபோது மிளகாய்ச் செடி தன் இலையில் புரோலின் என்ற பொருளைச் சேர்த்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ஈரத்தைப் பிடித்து வைக்க அது உதவும். தண்ணீர் கிடைத்ததும் அது மளமளவென்று குறைந்துவிடும். (வாத்தியார் குரல் வந்துவிட்டது. இதைச் சொல்லாமல் கதை நகராது, என்ன செய்ய?)

செம்பட்டியில் மூக்காயி என்பவளின் கொல்லைக் கிணறு இன்னும் வற்றவில்லை. அங்கே மாலதி வைத்த மிளகாய்ச் செடிகள், இரண்டு வரிசைத் தொட்டிகளில். ஒரு வரிசைக்கு மூக்காயி தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மற்றது வாட வேண்டும். வாடிய இலையைப் பறித்து ஐஸில் வைத்து எடுத்துப்போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் மூக்காயி அதற்கும் ஊற்றிவிட்டாள். ஆய்வேட்டுக்குக் கொடுத்த கெடு நெருங்குகிறது. வாடிய இலையின் புரோலின் அளவு இல்லையென்றால் பட்டம் இல்லை.

4

மூக்காயியை வில்லியாக்கப் பார்த்தேன். பொறாமைக்காரி, மறதிக்காரி, எதற்கும் மசியவில்லை. பேசவிட்டதும் என் பிழைப்பைக் கெடுத்தாள்.

"பந்தியில பாதிப் பேருக்குச் சோத்தைப் போட்டு, மீதிப் பேரைப் பாக்க வப்பியா தாயி? எம்புட்டு நாளைக்குப் பொறுக்குறது?"

"அக்கா, அது வெறும் செடி!"

"செடின்னா? பக்கத்துல ஊத்துறது அதுக்குத் தெரியாதா?"

"என் படிப்பே போச்சுக்கா."

மூக்காயியின் முகம் செத்துப்போனது. "இம்புட்டு ஆகும்னு எனக்குத் தெரியாதே தாயி..."

எனக்கு எரிச்சலாக வருகிறது. இவள் கெட்டவளாக இருந்திருந்தால் கதையை நேற்றே முடித்திருப்பேன்.

5

முடிவு அ: செடி தேறுவதையே மாலதி ஆய்வாக்குகிறாள். (ஆகாது. ஊற்றுவதற்கு முன் இலை பறிக்கவில்லையே.)

முடிவு ஆ: பொய் அளவு எழுதிப் பட்டம் வாங்கி, பிற்காலத்தில்... சீ.

முடிவு இ: மழை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

6

மிச்சமிருப்பது ஒரே வழி. இன்றிலிருந்து மறுபடி காயவிட்டால் கெடுவுக்குள் அளந்துவிடலாம். ஏற்கெனவே நொந்த செடி இரண்டாவது தடவை பிழைக்குமா என்பது மாலதிக்கே தெரியாது.

மறுநாள் அவளைச் செம்பட்டிக்குத் திருப்பி அனுப்புகிறேன். வாடியிருந்த செடிகள் நிமிர்ந்து நிற்கின்றன. மூக்காயி இடுப்பில் குடத்தோடு வருகிறாள்.

"ஊத்தாதேன்னா ஊத்தல தாயி. ஒம் படிப்பைக் கெடுக்க மாட்டேன். ஆனா தண்ணி கிடையாதுன்னு அதுகளைப் பாத்து நீயே சொல்லிரு."

மாலதி குடத்தையே பார்க்கிறாள். அவள் வாயில் அந்தச் சொல்லை வைக்க என்னால் முடியவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். என்னைப் பார்த்து அல்ல, செடிகளைப் பார்த்து.